நகரும் வீட்டில் குளிர்காற்று

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலை வல்லம் ஒன்றியத்து ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. செஞ்சிக் கோட்டையில் திரைப்படப் படப்பிடிப்பு என்றால், பேருந்து போன்ற பெரிய வண்டி ஒன்று இச்சாலையில் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் ‘கேரவன்’ என்று பெயர். படுக்கை, கழிவறை, ஏர்கண்டிஷனர் எல்லாம் உள்ள நகரும் வீடு அது. நிறுத்திய இடத்திலெல்லாம் மின் இணைப்புக் கிடைக்குமா? ஆகவே வண்டியிலேயே ஜெனரேட்டர் ஒன்றும் இருக்கும்.

சிறிய ஜெனரேட்டரில் ஏர்கண்டிஷனரைப் போட்டால், சில வேளைகளில் விளக்கு மங்கும், இயந்திரம் முனகும், எல்லாம் நின்றுவிடும். ஏன்?

தொடக்கமே சுமை

‘ஒரு டன்’ ஏர்கண்டிஷனர் என்பது அதன் எடையன்று. ஏறத்தாழ ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை, அதே நேரத்தில் அறையிலிருந்து அது வெளியேற்றும் என்பதே பொருள். இது நொடிக்குச் சுமார் 3,500 ஜூல். இதற்கு அது எடுக்கும் மின்திறன் சுமார் 1,200 வாட். மின்னோட்டம் 5 அல்லது 6 ஆம்பியர். ‘அப்படியானால் 2 கிலோவாட் ஜெனரேட்டர் போதுமே!’ என்று நீங்கள் எண்ணலாம்.

பாரமேற்றிய மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஓடும் வண்டியை இழுப்பது எளிது. நிற்கும் வண்டியைக் கிளப்புவதே கடினம். கம்ப்ரஸர் மோட்டாரும் அப்படித்தான். சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை தோன்றி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. நிற்கும் மோட்டாரில் அது இல்லை. எனவே தொடக்கத்தில் ஐந்தாறு மடங்கு, அதாவது சுமார் 30 ஆம்பியர் பாய்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரந்தான். ஆனால் அதற்குள் சிறிய ஜெனரேட்டரின் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது.

மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. மின்னழுத்தம் 70 விழுக்காடாகக் குறைந்தால் முறுக்குவிசை 49 விழுக்காடாகிவிடும். மோட்டார் சுழலாது, சுழலாததால் மின்னோட்டமும் குறையாது. முடிவில் பாதுகாப்புச் சாதனம் இணைப்பைத் துண்டிக்கும்.

வழிகள் உண்டு. இரண்டு ஏர்கண்டிஷனர்கள் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். நிறுத்திய உடனே மீண்டும் போடாமல், வாயு அழுத்தம் சமநிலை அடைய மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகை ஏர்கண்டிஷனர் மோட்டாரின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதால், தொடக்கச் சுமை மிகக் குறைவு.

கண்ணுக்குத் தெரியாத எமன்

இதுவரை கண்டது இயந்திரத்தின் தொல்லை. இனிக் காண்பது உயிரின் தொல்லை. 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அவ்வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஆராய்ந்தனர். ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்திலிருந்த துளை வழியே உள்ளே வந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்துக்கு 957 பங்கு என்ற அளவை எட்டியது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆயினும் உயிரைப் பறிக்க அது போதும்.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இதை விரும்பிப் பற்றுகிறது. உறங்குபவர் விழிப்பதற்குள் மயங்கிவிடுவார். ஏர்கண்டிஷனர் காற்றைத் தூய்மைப்படுத்தாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் அது உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. குளிர் போகாதிருக்க நாம் கதவுகளை மூடுகிறோம், நஞ்சும் போகாது!

கேரவன் நம் வீட்டில் இல்லையே என்று இருந்துவிட வேண்டா. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்துப் பல ஊர்கள் இருளில் மூழ்கின. அத்தகைய நாட்களில் மழைக்கு அஞ்சி ஜெனரேட்டரைத் திண்ணையிலோ மாடிப்படிக்குக் கீழோ வைக்கத் தோன்றும். அதுவும் இதே ஆபத்துதான். ஜெனரேட்டர் திறந்த வெளியில், சன்னலுக்கு எட்ட, மேலே மட்டும் மறைப்புடன் இருக்கட்டும். அது ஓடும்போது ஒருவருக்குத் தலைவலியோ மயக்கமோ வந்தால், முதலில் அவரை வெளியே கொண்டுவாருங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்துங்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளிர்காற்று இல்லாமல் ஓர் இரவைக் கழித்துவிடலாம்; நல்ல காற்று இல்லாமல் கழிக்க முடியாது.