பெயர் ஒன்று, ஆள் இரண்டு

வேலை உறுதியாகி ஆஃபர் லெட்டர் வந்ததும், கூடவே ஒரு இணைப்பும் வந்துவிடுகிறது. பட்டச் சான்றிதழ், பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு, பான், ஆதார், முகவரிச் சான்று எல்லாவற்றையும் அதில் பதிவேற்றச் சொல்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் இவற்றைத் தாங்களே ஆராய்வதில்லை. பின்னணிச் சரிபார்ப்புக்கென்றே இயங்கும் முகமைகளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. முகமை பல்கலைக்கழகத்திடம் பட்டத்தைக் கேட்கிறது, முன்னாள் நிறுவனத்திடம் பணிக்காலத்தை விசாரிக்கிறது, நீதிமன்றப் பதிவுகளில் வழக்கு ஏதும் உண்டா என்று தேடுகிறது. முடிவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்ட அறிக்கை ஒன்று நிறுவனத்துக்குப் போகிறது.

அந்த நிறத்துக்கு அடித்தளமாக இருப்பது ஒரு கேள்வி: இந்தத் தாளில் இருப்பவரும் அந்தப் பதிவேட்டில் இருப்பவரும் ஒரே ஆளா? கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கேள்வி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் பதிவேடு வைப்பவர்களை அலைக்கழித்துவருகிறது.

1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் ‘சவுண்டெக்ஸ்’ என்ற முறைக்குக் காப்புரிமை பெற்றார். எழுத்து மாறினாலும் ஒலி ஒத்திருந்தால் பெயர்களைச் சேர்த்துப் பிடிப்பது அதன் நோக்கம். ஆங்கிலத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். உயிரெழுத்துகளையும் எச் எழுத்தையும் விட்டுவிட வேண்டும். எம், என் இரண்டுக்கும் 5, எல்லுக்கு 4, எஸ், இசட் போன்றவற்றுக்கு 2, வி, பி போன்றவற்றுக்கு 1. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒருமுறைதான் கணக்கு. மூன்று எண்கள் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். இன்றும் பல தரவுத்தள மென்பொருள்களில் இந்த முறை இருக்கிறது.

இதில் நம் பெயர்களைப் போட்டுப் பார்ப்போம். தமிழ்செல்வி என்பவர் ஒரு சான்றிதழில் ழகரத்துக்கு எல் போட்டிருக்கிறார். இன்னொன்றில் இசட், எச் போட்டிருக்கிறார். முதல் பெயருக்கு டி542 வருகிறது, இரண்டாவதற்கு டி524. ஒரே பெண் கணினியில் இரண்டு பேராகிவிட்டார். செல்வம், செல்வன் இருவரையும் போட்டால் இரண்டுக்கும் எஸ்415. இங்கே இரண்டு பேர் ஒருவராகிவிட்டார்கள். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் இனிஷியலாகவும் வேறிடத்தில் குடும்பப் பெயராகவும் பதிவாகும் நம் வழக்கம் சிக்கலை இன்னும் கூட்டுகிறது.

1969-இல் கனடாவின் இவான் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் இதற்கு அழகான கணிதம் ஒன்றை வகுத்தார்கள். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஓர் எடை உண்டு; அரிதானது பொருந்தினால் எடை அதிகம். இரண்டு பதிவுகளிலும் ‘கார்த்திக்’ என்றிருந்தால் அது பெரிய சான்றல்ல, ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கேள்விப்படாத பெயர் ஒன்று இரண்டிலும் இருந்தால் நம்பிக்கை சட்டென்று ஏறும். பிறந்த தேதி, ஊர், தகப்பனார் பெயர் என்று எடைகளைக் கூட்டிக்கொண்டே போனால் ‘ஆம்’, ‘இல்லை’, ‘மனிதர் பார்த்துச் சொல்லட்டும்’ என்று மூன்று முடிவுகளில் ஒன்று கிடைக்கும். மூன்றாவது முடிவுக்கு இடம் வைத்ததுதான் இந்த முறையின் பெருமை.

அந்த இடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமிரஸ் வழக்கு சாட்சி. 2011-இல் கலிஃபோர்னியாவில் கார் வாங்கப்போன ராமிரஸ் என்பவரிடம், அவர் பெயர் தீவிரவாதிகள் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி விற்க மறுத்தார்கள். டிரான்ஸ்யூனியன் நிறுவனம் தந்த அறிக்கையில் அப்படி ஓர் எச்சரிக்கை இருந்தது. முதல் பெயரும் குடும்பப் பெயரும் மட்டுமே ஒப்பிடப்பட்டிருந்தன. பிறந்த தேதியை யாரும் பார்க்கவில்லை. அதே மாதிரி எச்சரிக்கை ஏறியவர்கள் 8,185 பேர் என்பது வழக்கில் தெரியவந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல், அறிக்கை வெளியாருக்குப் போய்ச் சேர்ந்த 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கோரி வழக்காடும் தகுதி உண்டு என்றது.

அப்படியானால் நிறையத் தரவு திரட்டுவதுதான் வழியா? அங்கேயும் ஆபத்து காத்திருக்கிறது. ஃபுளோரிடாவில் ‘நேஷனல் பப்ளிக் டேட்டா’ என்ற பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனம் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாவற்றையும் மலையாகக் குவித்துவைத்திருந்தது. களவுபோன அது 2024-இல் இணையத்தில் கொட்டப்பட்டது. சுமார் 290 கோடி பதிவுகள் என்று விற்க வந்தவர்கள் சொன்னார்கள். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூடக் கேட்டிராத மக்களின் விவரங்கள் அவை. அதே ஆண்டு அக்டோபரில் தாய் நிறுவனம் திவால் மனு போட்டது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

சரிபார்ப்பது வேறு, சேர்த்துவைப்பது வேறு. இரண்டையும் பிரிக்கும் கணிதம் நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் வியப்பு. பல்கலைக்கழகம் ஒரு மின்சான்றிதழை வெளியிடும்போது, அதன் முழு உள்ளடக்கத்தையும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கலாம். மதிப்பெண்ணில் 71-ஐ 77 ஆக்கினால் அந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். அதைப் பல்கலைக்கழகம் தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது. அதற்கு இணையான பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். யாருக்கும் போன் போட வேண்டாம், நகல் எடுத்து அடுக்க வேண்டாம். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் வரும் ஆவணங்களுக்குப் பின்னால் இருப்பதும் இந்தக் கையொப்பம்தான். 1985-இலேயே கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற கணினி அறிவியலாளர்கள் மூவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ரகசியத்தைச் சொல்லாமலே அது தன்னிடம் இருப்பதை ஒருவர் மெய்ப்பிக்க முடியும் என்று காட்டினார்கள். அந்த வழியில், பிறந்த தேதியைச் சொல்லாமலே 18 வயது நிறைந்ததை நிரூபிக்கலாம்.

ஒரு முகமை உண்மையில் வைத்திருக்க வேண்டியது எதைப் பார்த்தோம், எப்போது பார்த்தோம், முடிவு என்ன என்ற சிறு குறிப்பு மட்டுமே. இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-உம் இந்தத் திசையில்தான் நடக்கிறது. நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் ஒழிய, தரவை அழித்துவிட வேண்டும். தவறைத் திருத்தக் கேட்கும் உரிமை உண்டு. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அவகாசம் நிறுவனங்களுக்குத்தான், நாம் கேள்வி கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எதையெல்லாம் பார்க்கப்போகிறீர்கள், எப்போது அழிப்பீர்கள், அறிக்கையின் நகல் எனக்குக் கிடைக்குமா என்று சேரும் முன்பே எழுதிக் கேட்கலாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். அவற்றில் தமிழும் உண்டு. தமிழிலேயே கேட்டு வாங்குவோம்.