சுவரில் ஒரு படம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கி வருவோர்க்கு, ஊரின் தெருக்கள் தெரியுமுன்னே பதினொரு நிலைக் கோபுரம் காட்சி தரும். தமிழக அரசின் முத்திரையில் திகழும் கோபுரம் இதுவே என்பர். அது வாய் திறந்து பேசுவதில்லை. ஆயினும் இவ்வூரார் யாரை நம்பினர், யாரை நேசித்தனர் என்பதைத் தலைமுறை தலைமுறையாக வழிப்போக்கர்க்கு எடுத்துரைத்து வருகின்றது. சமயக் கலையின் ஆற்றல் அத்தகையது.

இவ்வூர்களில் கத்தோலிக்கராகிய நாம் சிறுபான்மையினரே. நம் இல்லங்களில் கோபுரம் இல்லை. ஆனால் முன்னறைச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம் உண்டு. இத்தகைய படங்களுக்கும் நம் வட்டாரத்திற்கும் நெருங்கிய உறவும் உண்டு. அருகிலுள்ள சிவகாசியின் அச்சகங்கள் நாட்காட்டிகளையும் தெய்வப் படங்களையும் நாடெங்கும் அனுப்பி வந்துள்ளன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய திருவுருவங்கள் இவ்வச்சகங்களின் வழியே எண்ணற்ற இந்து இல்லங்களை அடைந்தன. திரு இருதய ஆண்டவரின் படங்களும் வேளாங்கண்ணி அன்னையின் படங்களும் அவ்வூரில் அச்சாகியுள்ளன. நாமும் நம் அயலாரும் ஒரே ஊரில் அச்சான படங்களின் முன்னே விளக்கேற்றுகிறோம் அன்றோ!

அயல்வீட்டு அம்மையார் ஒருவர் நம் இல்லத்திற்கு வருகின்றார் எனக் கொள்வோம். அவர் வீட்டுச் சுவரில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் இருக்கின்றனர். நம் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஏக்கா, உங்க சாமிக்கு மட்டும் நெஞ்சு ஏன் வெளியே தெரியுது? அதைச் சுத்தி ஏன் முள்ளு?” என்று கேட்கின்றார். நாம் என்ன விடை கூறுவோம்? “சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்க அடுக்களைக்குள் போய்விடுவோமா?

விடை அரியதன்று. அன்பு தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஆதலால் அந்த இருதயம் வெளியே தெரிகின்றது. முட்கள் மனிதர் தந்த வேதனை. காயம் சிலுவையில் ஈட்டி திறந்த வாசல். தீக்கொழுந்து அணையாத அன்பு. பிரான்சு நாட்டுப் பாரே-லெ-மோனியால் மடத்தில் 1673 முதல் 1675 வரை புனித மார்கரீத் மரியாள் கண்ட காட்சிகளால் இப்பக்தி பரவியது. 1760-களில் பொம்பேயோ பத்தோனி உரோமையில் தீட்டிய ஓவியம், நம் வீட்டுப் படங்கள் பலவற்றிற்கு முன்மாதிரியாயிற்று.

காண்போருக்குப் புரியும் வண்ணம் திருவுருவம் அமையவேண்டும் என்பதை நம் நாட்டில் நன்கு உணர்ந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). கோவில்பட்டிக்கு அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய அவர், பின்னர் விருத்தாசலம் வட்டாரத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். அன்னையைச் சேலை உடுத்திய தமிழ்த் தாயாகக் காட்ட விரும்பி, அவ்வண்ணமே படம் வரைவித்து, மணிலாவில் சிலை செய்வித்தார் என்பது மரபு. இத்தாலியில் பிறந்தவர், தம் நாட்டு உடையை நம் அன்னைக்கு உடுத்தவில்லை! திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அறிவித்தது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்பே முனிவர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

விசுவாசத்தைப் பகிர்தல் என்பது அயலாரின் படத்தை இகழ்ந்து நம் படத்தை உயர்த்துவதன்று. நம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை கூற ஆயத்தமாயிருக்கும்படி புனித பேதுரு பணிக்கின்றார். முதலில் ஒருவர் கேட்கவேண்டும். நம்மிடம் எதையேனும் கண்டவர்தாமே கேட்பார்?

இங்கேதான் நம் மனச்சான்று குத்துகின்றது. அப்படத்தின் கீழே அமர்ந்துகொண்டு, பாகப்பிரிவினையில் பகைத்த தம்பியின் முகத்தைப் பாராதிருக்கிறோம். வேலைக்கு வரும் பெண்ணின் சாதியறிந்து தம்ளரைத் தனியே வைக்கிறோம். அவளது கூலியை நாளை, நாளை என்கிறோம். அன்பே உருவான இருதயம் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றது. அயலாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். இக்கால மனிதன் போதகரைவிடச் சாட்சிகளுக்கே செவிசாய்க்கிறான் என்று திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1975-இல் நினைவூட்டியது நமக்காகவே.

பெற்றோரே, வரும் முதல் வெள்ளியன்று குடும்ப செபம் முடிந்தபின் அப்படத்தைக் கீழே இறக்குங்கள். தூசியைத் துடையுங்கள். முள் எதற்கு, தீ எதற்கு, காயம் எதற்கு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். தெரியாவிடில் சொல்லிக் கொடுங்கள். அதன்பின், பேச்சுவார்த்தை நின்றுபோன அந்த ஒரு வீட்டின் வாசலுக்கு நீங்களே முதலில் சென்று வாருங்கள். அயல்வீட்டு அம்மையாரின் கேள்விக்கு நம் விடை அங்கே தொடங்கட்டும்.