ஒரு கோடு குறைந்தால் என்ன நடக்கும்? விட்பியை நடந்து வரைந்த கதை



இந்தக் கிழமை எபிசோடில் மப் ஆப்கள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று கதைத்தோம். நேரம் போதாமல் நான் சொல்லாமல் விட்ட கதை ஒன்று இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வருசம் என்ர கொன்ட்ராக்ட் முடிந்து, அடுத்தது தொடங்க ஆறு கிழமை இருந்தது. அந்த நேரம்தான் ஸ்காபரோவில் இருந்த அம்மா எங்களோடு இருக்க விட்பிக்கு வந்தார். அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. ஸ்காபரோவில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. வாசலால் இறங்கினால் பஸ், கடை, தெரிஞ்ச முகம். விட்பிக்கு வந்து மூன்றாம் நாள் சொன்னார்: "வீடு வடிவாத்தான் கிடக்கு தம்பி. ஆனா கதவைத் திறந்தா எங்க போறது எண்டு தெரியேல்ல."

டண்டாஸ் வீதியால் 900 பல்ஸ் பஸ் போகுது. ஓஷாவாவில் இருந்து ஸ்காபரோ யூனிவர்சிட்டி கம்பஸ் வரை. அதில் ஏறினால் அம்மா தன்ர சிநேகிதிகளிடம் தானே போய் வரலாம். போனில் ரூட் போட்டுப் பார்த்தேன். பஸ் ஸ்டொப்புக்கு நடக்க 19 நிமிசம் என்று காட்டியது. முழங்கால் நோவோடு யார் நடக்கிறது? ஆனால் எங்கட குசினியில் நின்றால் அந்த பஸ் சத்தமே கேட்கும். அப்ப ஏன் 19 நிமிசம்?

மப் பார்ப்பது படத்தை அல்ல

நாங்கள் திரையில் பார்ப்பது படம். ரூட் போடும் புரோகிராமுக்குத் தெரிவது புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும்தான். கம்பியூட்டர் சயன்ஸில் இதைத்தான் கிராஃப் என்று படிக்கிறோம். சந்தி ஒரு புள்ளி, வீதி ஒரு கோடு. ஆகக் குறைந்த தூரத்தைத் தேட டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்ட முறையும், அதில் இருந்து வளர்ந்த முறைகளும் இன்றைக்கும் பாவனையில் இருக்கு. கணக்கு பிழைக்காது. ஆனால் ஒரு கோடு தரவில் இல்லையென்றால், அந்தப் பாதை உலகத்திலேயே இல்லை என்றுதான் புரோகிராம் நினைக்கும்.

விட்பி மாதிரி சபேர்ப்களில் இது பெரிய பிரச்சினை. கார்கள் குறுக்கால் ஓடக்கூடாது என்று கிரசென்ட், கோர்ட் என்று வளைச்சு வளைச்சுக் கட்டியிருக்கிறார்கள். பின்வளவுக்கு நேர் பின்னால் இருக்கும் வீதிக்குப் போகவும் முழு வட்டம் சுற்ற வேண்டும். அதற்காக நடக்கிற ஆட்களுக்கு இடைக்கிடை இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவில் ஒடுங்கின பாதை விட்டிருப்பார்கள். எங்கட பக்கத்தில் அப்படி ஒன்றைக் கண்டது நான் இல்லை. அம்மாதான். "உங்க பார், வேலிக்கு இடையால ஒரு ஒழுங்கை போகுது."

அதால் போனால் ஆறு நிமிசம். மரம் மூடி நிற்பதால் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. நடந்து போனவருக்குத்தான் தெரியும்.

நடையைக் கோடாக்குவது

ஓப்பன்ஸ்ட்ரீட்மப் 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கியது. விக்கிப்பீடியா மாதிரி யாரும் திருத்தலாம். நான் போனில் ஜிபிஎஸ் பதிவைப் போட்டுவிட்டு அம்மாவோடு நடந்தேன். ஜிபிஎஸ்ஸுக்கு ஆகக் குறைந்தது நாலு செய்மதி வேண்டும். இடத்துக்கு மூன்று போதாதோ என்று கேட்பீர்கள். போனில் உள்ள மணிக்கூடு அவ்வளவு துல்லியம் இல்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் நாலாவது. டொரொன்டோ டவுன்டவுனில் சிக்னல் கட்டடங்களில் பட்டுத் தெறித்து, கோடு கோணல்மாணலாகும். விட்பியில் வானம் திறந்து கிடப்பதால் சில மீட்டருக்குள் சரியாக வந்தது.

பிறகு பிரவுசரில் அந்தத் தடத்தின் மேல் கோடு வரைந்து, 'ஹைவே' என்ற கீக்கு 'ஃபுட்வே' என்ற வால்யூ கொடுத்தேன். ஓம், நடைபாதைக்கும் அங்கே ஹைவே என்றுதான் பெயர்! சில நாளில் கோடு மப்பில் தெரிந்தது. ரூட் போட்டேன். திரும்பவும் 19 நிமிசம்.

என்ன பிழை? கோட்டின் நுனி வீதியைத் தொடுவது மாதிரித்தான் இருந்தது, ஆனால் அதே புள்ளியில் இணையவில்லை. கண்ணுக்குப் பாதை, கிராஃபுக்கு முட்டுச் சந்து. இரண்டு நுனியையும் இணைத்த பிறகுதான் ஆறு நிமிசம் வந்தது.

அம்மாவின் மப்

ஆறு கிழமையும் நடந்தோம். அம்மா போன இடமெல்லாம் பெயர் வைத்தார். ஊரில் கோயிலடி, புளியடி, ஆரியகுளம் சந்தி என்றுதானே வழி சொல்வார்கள்? வீட்டு நம்பர் யாருக்கு ஞாபகம்? புரொக் வீதியும் டண்டாஸும் சந்திக்கும் இடம் 'பெரிய சந்தி' ஆச்சு. கோ ட்ரெயின் நிலையம் 'ரயிலடி'. லிண்ட் ஷோர்ஸில் சிக்கடிக் குருவிகள் கையிலேயே வந்து இருந்து விதை எடுக்கும், அது 'குருவியடி'.

இந்தப் பெயர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் போடவில்லை. இன்னொருவர் போய்ப் பார்த்து உறுதிப்படுத்தக் கூடியதுதான் பொது மப்புக்குப் போகும். ஒழுங்கை எல்லாருக்கும் உரியது, 'குருவியடி' எங்களுக்கு மட்டும். அதனால் யூமப்பில் எங்கட லேயர் ஒன்று செய்து, பிரின்ட் எடுத்துக் குசினியில் ஒட்டினோம்.

நீங்களும் செய்ய

அன்ட்ரொயிட் வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் ஆப்போடு தொடங்குங்கோ. இந்த ஸ்டொப்பில் வாங்கு இருக்கா, கூரை இருக்கா என்று அது கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும். ஒரு வாங்கு இருக்கா இல்லையா என்பது அம்மா, அம்மம்மாவுக்குப் பெரிய விசயம். இன்னொரு மப்பைப் பார்த்துக் கொப்பி பண்ணாதீர்கள், அது உரிமைப் பிரச்சினை. ஜிபிஎஸ் பதிவைப் பொதுவில் போடுவதென்றால் வீட்டு வாசலில் இருந்து தொடங்காதீர்கள். பனிக்காலத்தில் ஒருக்கா திரும்பப் போய்ப் பாருங்கோ. எங்கட ஒழுங்கையில் ஸ்னோ அள்ளுவதில்லை. ஜனவரியில் அது பாதை இல்லை. அந்தத் தகவலையும் நான் பிறகு சேர்த்தேன்.

புது கொன்ட்ராக்ட் தொடங்கி இரண்டாம் கிழமை, மீட்டிங் நடுவில் போன் அடித்தது. அம்மா.

"தம்பி, நான் ஸ்காபரோவில நிக்கிறன். பின்னேரம் வர லேட்டாகும். சோறு பிரிட்ஜுக்குள்ள இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு."

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கட பக்கத்தில் மப்பில் இல்லாத ஒழுங்கை இருந்தால் எழுதி அனுப்புங்கோ.