அண்ணாச்சியும் அடியாட்களும்

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மலையேறும் சாலை போய்ச் சேருகிற பெருமாள்மலை, பழனிசெட்டிபட்டிக்காரர்களாகிய நமக்கு அந்நியமான பிரதேசம் அன்று. அவ்வூரை ஒட்டிய டைகர் சோலை வனத்தில் 2001 அக்டோபர் 31ஆம் தேதி கண்டெடுக்கப்பட்டு, இன்னாரென்று தெரியாமலே கொடைக்கானலில் அடக்கம் செய்யப்பட்ட ஓர் இளைஞனின் சடலத்தோடு, தமிழரின் இட்லியைத் தேசாந்தரங்களுக்கெல்லாம் கொண்டு சென்ற சரவண பவனின் விருத்தாந்தம் பிணைந்திருந்தது என்பது பிற்பாடே வெளிப்பட்டது.

அந்த ஸ்தாபனத்தை உண்டாக்கிய பி. ராஜகோபால், 1947இல் தூத்துக்குடிப் பக்கத்துப் புன்னையடியில் பிறந்து, பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, மளிகைக்கடை வைத்து முன்னுக்கு வந்தவர். 1981இல் கே.கே. நகரில் முதல் உணவகத்தைத் திறந்தபோது, மட்டமான சரக்கைப் போட்டுச் சமைக்கலாம், ஆட்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவரை விலக்கிவிட்டு, தேங்காயெண்ணெயிலும் புதிய காய்கறியிலும் சமைத்து, ஆரம்பத்தில் நஷ்டத்தையும் தாங்கினார். தட்டின்மேல் வட்டமாய் நறுக்கிய வாழையிலையை வைத்துப் பரிமாறுகிற வழக்கம் உண்பவருக்குச் சுத்தமாகவும், தட்டுக் கழுவுகிறவருக்குச் சிரமக் குறைவாகவும் அமைந்தது. ஊர்விட்டு வந்த சிப்பந்திகளுக்கு இருப்பிடம், வைத்தியச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று அவர் செய்த உதவிகளால், 'அண்ணாச்சி' என்று அழைத்தவர்கள் அவரைக் குடும்பத் தலைவராகவே பாவித்தார்கள். 2000இல் துபாயில் கடல் கடந்த முதல் கிளையும் எழுந்தது.

சோதிடத்தில் அளவிறந்த நம்பிக்கை கொண்ட அவர், தம் சிப்பந்தி ஒருவரின் மகளை, அவள் வேறொருவனை மணந்திருந்தும், மூன்றாம் தாரமாக அடைய விரும்பினார். மிரட்டலும் கடத்தலும் தொடர, அத்தம்பதியர் 2001 அக்டோபரில் போலீசாரிடம் முறையிட்டனர். அதன் பின்னரும் அவள் கணவனாகிய அவ்விளைஞன் கடத்தப்பட்டு, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான். பூந்தமல்லி நீதிமன்றம் 2004இல் ராஜகோபாலுக்கு விதித்த பத்தாண்டுத் தண்டனையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2009இல் ஆயுள் தண்டனையாக உயர்த்த, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜூலை 9ஆம் தேதி ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர், அம்மாதம் 18ஆம் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார்.

குடியேறியவர்களின் உணவகங்களுக்கும் நிழலுலகத்துக்கும் உறவு ஏற்படுவது உலகத்துக்குப் புதிதன்று. நியூயார்க்கில் இத்தாலியர் குடியேறிய பகுதியில், மாஃபியா தலைவருள் ஒருவரான மேத்யூ இயானியெல்லோவின் செல்வாக்குக்குட்பட்ட 'உம்பர்ட்டோஸ்' உணவகத்தில், 1972 ஏப்ரல் 7ஆம் தேதி, பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த தாதா ஜோ காலோ சுட்டுக் கொல்லப்பட்டான். சிசிலியர் பீட்சாக் கடைகளைத் திரையாக வைத்து ஹெராயின் விற்ற வழக்கு, அதே நகரில் 1985 முதல் 1987 வரை நடந்தது.

அங்கே தாதாக்கள் உணவகத்தைத் தேடி வந்தார்கள், அல்லது அதைத் தங்கள் தொழிலுக்குப் போர்வையாக்கினார்கள். சரவண பவனோ அப்படிப்பட்ட ஸ்தாபனமன்று, அதன் அடுப்பங்கரை கடைசிவரை அடுப்பங்கரையாகவே இருந்தது. ஆயினும் கொலைக்குத் தண்டனை பெற்றவர்களில் முதலாளியிடம் ஊழியம் பார்த்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சிந்திக்கும்போது, அடியாள் என்பவன் எப்போதும் வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்தப்படுகிறவன் அல்லன் என்பது விளங்குகிறது. வீடும் மருந்தும் மகளின் கல்யாணமும் ஒரே கையிலிருந்து வரும்போது, அந்தக் கை எதைச் சுட்டினாலும் மறுக்கும் திராணி மனிதனுக்கு மெல்ல மெல்ல அற்றுப்போகிறது.

அண்ணாச்சியின் தாராளம் பொய்யன்று. அதன் பயனாய்க் கரையேறிய குடும்பங்கள் அநேகம். ஆனால் சம்பளம் வாங்குகிறவன் கடமைப்பட்டிருப்பது வேலைக்கு மட்டுமே என்பதை முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே உணராத இடத்தில், எவ்வளவு பெரிய தர்மமும் ஒருநாள் அதர்மத்துக்கு ஆள் சேர்த்துவிடும்.