மூன்று ரிக்‌ஷாக்காரர்கள்



எம்.ஜி.ஆர். பெரியவரா, சிவாஜி பெரியவரா என்ற வழக்கு நம் தோட்டங்களில் தீர்ப்பே இல்லாமல் நெடுங்காலம் நடந்தது. திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய அந்த நாட்களில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டார் இதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டதும் உண்டு. அவ்வழக்கை இன்று நான் மறுபடியும் நடத்தப் போவதில்லை. ஆனால், ஒரு நடிகருக்கு உரியதற்கு மேல் புகழ் சேர்ந்துவிட்டதா, அல்லது குறைத்துக் கொடுத்துவிட்டோமா என்பதை எதை வைத்துச் சொல்வது? ஆளை வைத்துப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். ஒரே தொழில் செய்யும் பாத்திரத்தைப் பலர் எப்படி நடித்தார்கள் என்று அருகருகே வைத்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். அதற்கு வாய்ப்பாக அமைந்திருப்பவர் ரிக்‌ஷாக்காரர்.

1971ஆம் ஆண்டில் தமிழில் எம். கிருஷ்ணன் நாயர் இயக்கிய ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்தது. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய ‘பாபு’வும் அதே ஆண்டில் வந்தது. முன்னதில் எம்.ஜி.ஆர்., பின்னதில் சிவாஜி. இருவரும் ரிக்‌ஷாக்காரர்கள்.

‘ரிக்‌ஷாக்காரன்’ படத்திற்காக எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருது கிடைத்தது. அது நடிப்புக்குக் கிடைத்த விருது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்து வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உழைத்த உடம்பு உட்காருகின்ற விதமே வேறு. முதலில் கை எதையாவது பிடித்துக்கொள்ளும். பிறகுதான் முதுகு சாயும். எம்.ஜி.ஆருடைய ரிக்‌ஷாக்காரருக்கு அந்த அலுப்பு வருவதே இல்லை. அவர் ஏழையாக இருக்கிறார், களைத்தவராக இல்லை. அந்தப் படத்தில் உண்மையிலேயே வியக்கத்தக்கது, ரிக்‌ஷாவில் இருந்தபடியே அவர் கம்பு சுழற்றுகின்ற சண்டைதான். அது பயிற்சி பெற்ற உடம்பின் வித்தை. அதற்கு விருது கொடுத்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அவருக்கு நாம் குறைத்துக் கொடுத்த புகழ் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தைத் தயாரித்தவரும், இயக்கியவரும், அதில் இரட்டை வேடம் ஏற்றவரும் அவரே. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் அது. அவ்வளவு நீளப் படத்தை அலுப்புத் தட்டாமல் நடத்திச் செல்வது எளிய காரியமா? ஆனாலும் நல்ல இயக்குநர்கள் யார் யார் என்று கேட்டால் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. முகத்தைக் கொண்டாடினோம், அதன் பின்னால் இருந்த வேலைக்காரரைக் கவனிக்கவில்லை.

இனி ‘பாபு’. தனக்கு அன்பு காட்டிய ஒரு குடும்பம் நொடித்துப் போக, அந்த வீட்டுப் பெண் குழந்தையைப் படிக்க வைப்பதற்காகவே ரிக்‌ஷா இழுக்கும் மனிதனின் கதை. வண்டியின் பாரம் சிவாஜியின் தோளிலும் நடையிலும் தெரிகிறது. ஆண்டுகள் ஆக ஆக அந்த நடை மாறுவதையும் பார்க்கலாம். இவ்வளவும் சரி. ஆனால் கடைசிப் பகுதியில் அழுகை கரை மீறுகிறது. நாம் அழுவதற்கு முன்னால் அவரே நமக்காக அழுது முடித்துவிடுகிறார். சிவாஜி அழுத காட்சிகளைத்தான் நாம் மிகுதியாகப் புகழ்ந்தோம். அவர் அடங்கி நடித்தபோது அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1985இல் பாரதிராஜா இயக்கத்தில் ‘முதல் மரியாதை’ வந்த பிறகே, பேசாமல் நிற்கும் சிவாஜியும் பெரிய நடிகர் என்று பலர் ஒப்புக்கொண்டார்கள்.

‘பாபு’வின் மூலக்கதை தமிழ் அன்று. பி. கேசவதேவ் எழுதிய ‘ஓடையில் நின்னு’ என்ற மலையாள நாவல் அது. 1965இல் கே.எஸ். சேதுமாதவன் அதை மலையாளப் படமாக எடுத்தார். ரிக்‌ஷாக்காரராக நடித்தவர் சத்யன். நடிக்க வருமுன் ஆசிரியராகவும், பட்டாளத்திலும், பிறகு போலீசிலும் வேலை பார்த்தவர் அவர். (ஆசிரியர் என்றதும் எனக்குச் சற்றுப் பெருமை!) சத்யன் அழகாகத் தெரிய வேண்டுமென்று முயல்வதில்லை. கோபக்கார மனிதனொருவன் அன்பைச் சொல்லத் தெரியாமல் வேலை செய்தே காட்டுகின்ற விதத்தை அவரிடம் காணலாம். நம்முடைய அப்பாக்கள் பலர் அப்படித்தானே? தமிழ் இரசிகர்கள் சத்யனை அறியாமலே இருந்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம். ‘பாபு’ வெளிவந்த அதே 1971ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

மூன்றாவது ரிக்‌ஷாக்காரர் நம் நாட்டவர். பினாங்கில் பிறந்த பி. ராம்லி, 1955இல் முதன்முதலாகத் தாமே இயக்கிய படம் ‘பெனாரெக் பெச்சா’. பெச்சா ஓட்டும் ஏழை இளைஞனாக நடித்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 26. பணக்கார வீட்டுப் பெண், அவளுடைய தந்தையின் செருக்கு, நல்லவன் போல் நடிக்கும் வஞ்சகன் என்று கதை நாம் அறிந்த பாதையில்தான் செல்கிறது. ஆயினும் இந்தப் பெச்சாக்காரன் தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்று எண்ணாதவன் போல் நடமாடுகிறான். அந்த இயல்பு மற்ற இரு தமிழ்ப் படங்களிலும் இல்லை.

ராம்லிக்குப் புகழ் கூடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தனியே முளைத்த மரம் போல் பேசப்படுவதுதான் பொருந்தவில்லை. 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடியதைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் இந்தியரான பி.எஸ். ராஜ்ஹன்ஸ். 1950இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். 1956இல் ‘ஹங் துவா’வில் அவரை வண்ணத்தில் காட்டியவர் வங்காளியான பணி மஜும்தார். மலாய்த் திரையுலகிற்கு அடிக்கல் நாட்டிய இவர்களின் பெயர் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இயக்குநர்களை மறப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ‘பராசக்தி’ என்றதும் கலைஞரின் வசனத்தையும் சிவாஜியையும் சொல்கிறோம். 1952இல் அதை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இருவரையும் சொல்வதில்லை. நாகேஷைக் கதாநாயகன் ஆக்கிய ‘சர்வர் சுந்தரம்’ படமும் அவர்கள் இயக்கியதே.

நடிகர்களில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்டவர் யாரென்று கேட்டால், டி.எஸ். பாலையா என்பேன். 1936இல் வந்த ‘சதி லீலாவதி’தான் அவருக்கும் எம்.ஜி.ஆருக்கும் முதற்படம். கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கும் கதை அது. அதில் பாலையா வில்லன், எம்.ஜி.ஆருக்குச் சிறியதொரு போலீஸ் வேடம். பிறகு ஒருவர் நாட்டையே ஆண்டார். மற்றவர் வில்லனாக, தகப்பனாராக, தவில்காரராகக் கடைசி வரையில் பக்கத்தில் நின்று நடித்தார்.

‘திருவிளையாடல்’ படத்தில் அவர் செருக்குப் பிடித்த ஹேமநாத பாகவதர். பாடும் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் அந்தச் செருக்கு பாலையாவின் கழுத்திலும் விரலிலும் இருக்கிறது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யில் மகன் நாகேஷ் பேய்க் கதை சொல்ல, தகப்பனார் பாலையா கேட்கும் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. புகழ் நாகேஷுக்குப் போயிற்று. அடுத்த முறை அந்தக் காட்சி வரும்போது நாகேஷை விட்டுவிட்டுக் கேட்கின்றவரை மட்டும் பாருங்கள். முதலில் பெரிய மனிதருக்குரிய அலட்சியம்; அடுத்து ஒரு சந்தேகம்; பிறகு கண் மட்டும் மெல்ல நகர்கிறது. பேசுகிறவர் நாகேஷ். பயத்தை நமக்குக் காட்டுகிறவர் பாலையா.