மருந்துக்கு அடங்காத பப்பாளித் தேமல்

திருப்பதியிலிருந்து கடப்பை போகும் சாலையில் ரயில்வே கோடூர் வட்டாரத்தை எட்டினால் பப்பாளித் தோட்டங்கள். தெலுங்கில் பொப்பாயி. சித்தூர்ப் பக்கமும் பப்பாளி உண்டு. எங்கே நட்டாலும் விவசாயி பயப்படுவது வளையப்புள்ளி வைரஸுக்குத்தான்.

முதலில் கொழுந்து மஞ்சள் பாய்ந்து தேமல் தட்டும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால், எண்ணெய் வழிந்த மாதிரி கரும்பச்சைக் கீற்றுகள். பிறகு இலை ஒடுங்கி நூல்நூலாகிவிடும். காயில் வளையம் வளையமாகப் புள்ளி. பழுத்தாலும் இனிப்பு ஏறாது.

பரப்புவது அசுவினிப் பூச்சி. விசித்திரம் என்னவென்றால், அது பப்பாளியில் குடியிருப்பதே இல்லை. வந்து உட்கார்ந்து, இலையைக் குத்திச் சுவை பார்த்து, பிடிக்காமல் பறந்துவிடும். அந்தச் சில நொடி போதும், வைரஸ் ஒட்டிக்கொள்ள. அடுத்த மரத்தில் இறக்கவும் சில நொடிதான். கடையில் வாங்கி அடிக்கும் மருந்து அசுவினியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் சாவதற்குள் அது குத்தி முடித்திருக்கும். செலவழித்த திருப்திதான் மிச்சம்.

அதனால் காசை நாற்றங்காலில் போடுவது மேல். பூச்சி நுழையாத நைலான் வலைக்குள் வளர்ந்த நாற்றாக வாங்குங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்துவிடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் சோளத்தில் இறங்கிக் குத்தும். வாயில் ஒட்டிய வைரஸ் அங்கேயே கழிந்துவிடும். வெள்ளி நிற நிலப்போர்வையின் பளபளப்பும் பூச்சியைக் குழப்பும். ஊடுபயிராகப் பூசணியோ வெள்ளரியோ வேண்டாம், அவற்றிலும் இந்த வைரஸ் தங்கும். துத்தநாகமும் போரானும் தெளித்தால் மரம் தெம்பாக இருக்கும், நோய் போகாது.

ஹவாயில் 1992இல் பூனா பகுதித் தோட்டங்களில் இந்நோய் புகுந்தது. விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வெஸின் குழு மரபணு மாற்றி உருவாக்கிய 'ரெயின்போ' ரகம் 1998இல் விவசாயிகள் கைக்கு வந்தது. இந்தியாவில் அப்படியொரு பப்பாளி சாகுபடிக்கு வரவில்லை. இங்கே பரவலாக நடும் 'ரெட் லேடி'யும் நோய்க்குத் தப்புவதில்லை.

கடினமான வேலை, நோய் கண்ட மரத்தை வெட்டுவதுதான். காய் தொங்கும் மரத்தில் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது, இன்னும் இரண்டு பறிப்பு எடுக்கலாமே என்றுதான் தோன்றும். அந்த இரண்டு பறிப்புக்குள் பக்கத்து வரிசையும் பக்கத்துக்காரர் தோட்டமும் தேமல் தட்டிவிடும். வெட்டியதை வரப்பில் போடாமல் குழியில் புதையுங்கள்; இலை வாடும்வரை அசுவினி அதிலும் வந்து உட்காரும்.