நடக்காத வரலாற்றுக்கும் சான்று வேண்டும்!

விஞ்ஞானக் கதை என்றாலே அது எதிர்காலத்தில்தான் நடக்க வேண்டுமா? இல்லை. கடந்த காலத்தில் நடக்கும் விஞ்ஞானக் கதைகளும் உண்டு. வில்லியம் கிப்சன், புரூஸ் ஸ்டெர்லிங் என்ற இருவர் சேர்ந்து எழுதி 1990இல் வெளிவந்த 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' அத்தகைய நாவல். விக்டோரியா காலத்து லண்டனில், 1855ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. ஆனால் அந்த லண்டனில் நீராவியால் ஓடும் கணிப்பொறிகள் இருக்கின்றன!

"கதைதானே, எதை வேண்டுமானாலும் எழுதலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. ஒரு கற்பனையை வாசகர் நம்ப வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள மற்றவை எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்குள் நுழைதல்

1855இல் கதாநாயகன் தந்தி கொடுக்கலாம். தொலைபேசியில் பேச முடியாது. தொலைபேசிக்கு உரிமம் கிடைத்தது 1876இல்தான். அவன் எந்த ரயிலில் போயிருப்பான் என்பதை 1839 முதல் வெளிவந்த பிராட்ஷாவின் ரயில் அட்டவணைகள் சொல்லும். தெருவில் பொருள் விற்றவர்களின் வாழ்க்கையை, ஹென்றி மேஹ்யூ அவர்களிடமே கேட்டு எழுதிய நூல் காட்டும். சொற்களிலும் கவனம் வேண்டும். அந்நாளில் 'கம்ப்யூட்டர்' என்றால் எந்திரம் அல்ல; கணக்குப் போடும் வேலையில் இருந்த மனிதர்!

கூட்டலே போதும்

அந்த மனிதர்கள் போட்ட கணக்கில் பிழைகள் இருந்தன. அச்சுக் கோக்கும்போது மேலும் பிழைகள் சேர்ந்தன. பிழையான அட்டவணையை நம்பிய கப்பல் வழிதவறிப் போகலாம். எனவே கணக்கிட்டு, தானே அச்சடிக்கவும் செய்யும் எந்திரம் ஒன்றைச் சார்லஸ் பாபேஜ் (1791-1871) திட்டமிட்டார்.

அதன் தத்துவம் எளிது. 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 3, 5, 7, 9. அவற்றின் வித்தியாசமோ எப்போதும் 2. இனிப் பெருக்கலே தேவையில்லை. 9உடன் 2ஐக் கூட்டினால் 11. 25உடன் 11ஐக் கூட்டினால் 36. அதுதான் 6இன் வர்க்கம்! கூட்டலைப் பல்சக்கரங்கள் செய்துவிடும். ஆகவேதான் அதற்கு 'வித்தியாச எந்திரம்' என்று பெயர்.

1823இல் பிரிட்டிஷ் அரசு பண உதவி அளிக்கத் தொடங்கியது. 1832இல் ஒரு பகுதி மட்டும் பூட்டி முடிக்கப்பட்டது. அது சரியாகவே இயங்கியது. அடுத்த ஆண்டில் பாபேஜுக்கும் எந்திரம் செய்த ஜோசப் கிளமென்டுக்கும் தகராறு மூண்டு வேலை நின்றது. 1842இல் அரசு கைவிரித்தது. அதற்குள் செலவானது 17,000 பவுண்டுக்கு மேல். அன்று அந்தப் பணத்துக்கு இருபது ரயில் எஞ்சின்கள் வாங்கியிருக்கலாம்!

யார் மீது குற்றம்?

அக்காலத்துப் பட்டறைகளால் அவ்வளவு நுட்பமான சக்கரங்களைச் செய்ய முடியவில்லை. அதனால்தான் எந்திரம் உருவாகவில்லை என்று பலர் கருதி வந்தனர். இது உண்மையானால் நாவலின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும்.

லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகம் இதைச் சோதித்துப் பார்த்தது. பாபேஜ் 1847க்கும் 1849க்கும் இடையில் வரைந்த இரண்டாம் வித்தியாச எந்திரத்தின் படங்களை எடுத்துக்கொண்டு 1985இல் வேலையைத் தொடங்கியது. எஞ்சியிருந்த பழைய உறுப்புகளை அளந்து, அந்த அளவு துல்லியத்தோடுதான் புதியவை செய்யப்பட்டன. படங்களில் இருந்த சில பிழைகளும் திருத்தப்பட்டன. 1991இல், பாபேஜ் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்தபோது, எந்திரம் 31 இலக்க எண்களைப் பிழையின்றிக் கணக்கிட்டது! அச்சுப் பகுதியும் பின்னர் முடிந்தபோது மொத்தம் 8,000 உறுப்புகள். எடை 5 டன்.

ஆக, குற்றம் சக்கரங்களின் மீது இல்லை. பணம், சண்டை, பொறுமையின்மை ஆகியவையே தடைகள். இவற்றை ஒரு கதாசிரியர் தம் பேனாவால் மாற்றி எழுதலாம்.

மறுபக்கச் சான்று

ஆனால் நேர்மையான ஆராய்ச்சி இங்கே நின்றுவிடாது. ஸ்வீடனைச் சேர்ந்த ஷூட்ஸ் என்ற தந்தையும் மகனும் 1853இலேயே ஒரு வித்தியாச எந்திரத்தைச் செய்து முடித்தார்கள். அது அமெரிக்க வானாய்வுக் கூடம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஆயினும் உலகம் தலைகீழாக மாறிவிடவில்லை! அட்டவணை மட்டுமே போடும் எந்திரத்தால் அது இயலாது. துளையிட்ட அட்டைகள் மூலம் பலவகைக் கட்டளைகளை ஏற்கும் 'பகுப்பு எந்திரம்' ஒன்றையும் பாபேஜ் திட்டமிட்டிருந்தார். அது முழுமையாகச் செய்யப்படவே இல்லை. கதையில் உலகத்தை மாற்ற விரும்புபவர் அதையும் ஓட வைத்தாக வேண்டும்.

இவ்வாறு வரலாறு கதாசிரியருக்கு ஒரு கையால் அனுமதி தருகிறது. மறு கையால் எச்சரிக்கை செய்கிறது. இரண்டையும் கேட்பவரே நல்ல கதை எழுதுகிறார்.

நீங்களும் சற்று நேரம் பாபேஜின் எந்திரமாக இருந்து பாருங்கள். 1, 8, 27, 64, 125, 216 என்ற கன எண்களை எழுதி, வித்தியாசங்களைக் கண்டுபிடியுங்கள். எத்தனையாவது வரிசையில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது?